பென்சில் கோடு போட்ட இடங்கள்

2025.02.11, செவ்வாய்

சூட்டி,

உன் அலுமாரியின் அடித்தட்டில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி புதிதாகக் கிடந்தது. விலைத்துண்டுகூட உரிக்கவில்லை. எதை எழுத வாங்கி வைத்தாயோ தெரியாது. நீ போய் ஏழு மாதமாகப் போகிறது. இனி அதில் நான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து ஆடும். பொறுத்துக்கொள்.

இன்று எழுத வைத்தது கோபம்தான்.

காலையில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டு நின்றேன். தபால் கில்பட் வந்து படலையில் மணி அடித்தான். பதிவுத் தபால், கையெழுத்துப் போட வேண்டும்.

"வடிவாப் பேரை எழுதுங்க மக்தலேனா அக்கா. பிறகு கில்பட் துலைச்சுப்போட்டான் எண்டு ஊரெல்லாம் கதை வரக்கூடாது."

உன் பரீட்சை அனுமதி அட்டை கைக்கு வராமல் போன அந்தத் தை மாதத்திலிருந்து, இரண்டு வருஷமாக, என் படலைக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு இந்த ஒரு கதைதான். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

உள்ளே உன் புத்தகம். புத்தகமாக இல்லை, ஒற்றை ஒற்றைத் தாளாக. ரம்ஸியா அனுப்பியிருக்கிறாள். புத்தளத்துப் பிள்ளை, கொழும்பில் புத்தகம் போடுகிற இடத்தில் வேலை. நீ கொப்பிப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து அனுப்பியது அவளுக்குத்தானே. கடிதமும் வைத்திருக்கிறாள். "இதைப் புரூப் என்று சொல்வோம் அன்டி. வாசித்துப் பாருங்கள், பிழை இருந்தால் அடையாளம் போடுங்கள். கடைசியில் ஒரு சம்மதக் கடிதம் இருக்கிறது. சுஜாந்திக்கு வாரிசு நீங்கள்தான். நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகலாம். ஆண்டு நினைவுக்குப் புத்தகம் கையில் இருக்கும்."

சந்தோஷமாகத்தான் புரட்டினேன். கடைசித் தாள் பின்னட்டையாம். அதில் இருக்கிறது: "எழுத்தறிவற்ற மீனவத் தாய் ஒருத்தியின் மகளாகப் பிறந்து, இருபத்திரண்டு வயதில் டெங்குக் காய்ச்சலுக்கு இரையான இளம் எழுத்தாளர்..."

எழுத்தறிவற்ற.

அந்தச் சொல்லை நான் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். ஆனால் வாசித்தேன், சூட்டி.

2025.02.12

எழுத்தறிவற்றவள் இன்றைக்கும் எழுதுகிறாள். ஒரு வரி போதும்.

2025.02.14, வெள்ளி

முன்னுக்கு ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். அணிந்துரையாம். ஐந்து பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அவர் இளமைக் காலத்தில் நம் கரைக்கு வந்த கதை. எந்த வீட்டில் தங்கினார், என்ன நண்டுக் கறி சாப்பிட்டார், உறைப்பில் எப்படிக் கண் கலங்கியது. எண்ணிப் பார்த்தேன். உன் பெயர் நான்கு இடத்தில். நண்டு ஏழு இடத்தில்.

அட்டைப் படம் இன்னொரு கூத்து. சூரியன் விழுகிறது, தென்னை சாய்ந்து நிற்கிறது, பாய்மரம் வைத்த வள்ளம் ஒன்று, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். நம் கரையில் எல்லாம் ஃபைபர் வள்ளம், பின்னால் எஞ்சின். பாய்மரத்தை எந்தக் கலண்டரில் கண்டார்களோ. தண்ணீர் நமக்கு பவுசர் லொறியில் வருகிறது, கானில் பிடிக்கிறோம். குடம் யார் வீட்டில் இருக்கிறது?

உன் சின்னம்மா றோசமேரி பக்கத்து வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "வடிவாத்தானே இருக்கு அக்கா" என்றாள். வடிவாக இருந்தால் சரியா? நம்மைப் பற்றிய புத்தகத்தில் நம்மைத் தவிர எல்லாம் இருக்கிறது.

2025.02.17, திங்கள்

ஒரு நாளைக்கு ஒரு கதை வாசிக்கிறேன். தாள் அழுக்காகும் என்று கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு. கழுவினாலும் மீன் மணம் போகாது, அது அவர்கள் பாடு.

இன்றைய கதையில் "அம்மா நெத்தலியை ஒவ்வொன்றாகக் கீறி, குடல் எடுத்து, உப்பிட்டாள்" என்று இருக்கிறது. நெத்தலியை யாராவது கீறுவார்களா? ஒரு கூடையில் எத்தனை ஆயிரம் நெத்தலி. கீறத் தொடங்கினால் முடிக்கும்போது அடுத்த நத்தார்ப் பண்டிகை வந்துவிடும். நீ இப்படி எழுதியிருக்கவே மாட்டாய். அலசி, பாயில் கொட்டி, வெயிலில் விடுவது. மூன்று வயதில் உனக்குத் தெரிந்த வேலை.

றோசமேரியிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளையை ஒருக்கா நம்மட கருவாட்டு வாடிக்குக் கூப்பிடு. ஒரு கூடை குடுப்பம். இருந்து கீறட்டும்" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெத்தலியில் கை வைத்தவர்கள் வேறு எதில் எல்லாம் கை வைத்திருப்பார்கள்?

2025.02.19, புதன்

ஒன்பது கதையில் கடைசி, "உப்புப் பீப்பா". இன்று வாசித்தேன். மூன்று முறை வாசித்தேன்.

உன் கதை எல்லாம் எனக்கு மனப்பாடம். மத்தியானத்தில் நான் பலகையில் மீன் கீற, நீ உப்புப் பீப்பாவின் மூடியில் ஏறிக் குந்திக்கொண்டு கொப்பியை விரித்து வாசிப்பாய். இந்தக் கதையை எப்படி வாசித்தாய் என்று சொல்லட்டுமா? வீட்டிலிருந்து படித்து இரண்டாம் முறை பரீட்சைக்குப் போகக் காத்திருக்கிறாள் ஒரு பிள்ளை. தபால்காரன் குடித்துவிட்டுப் பையைக் களப்பில் விழுத்துகிறான். அட்டை தண்ணீரோடு போகிறது. பிள்ளை அழுகிறாள். தாய் அவள் தலையைத் தடவுகிறாள். முடிந்தது. "இதில பீப்பா எங்கயடி?" என்று கேட்டேன். "வரும் அம்மா, அது வேற இடத்தில வரும்" என்று சிரித்தாய்.

இந்தத் தாளில் வேறு கதை இருக்கிறது. தபால்காரன் குடிக்கவில்லை. ஒழுங்காகக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுக்கிறான். தாய் அட்டையைப் பாண் வாங்கின பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போடுகிறாள். முழங்கை வரை கையை விட்டு உப்புக்குள் புதைக்கிறாள். பிறகு ஒரு நாள் பிள்ளை உப்பு அள்ளப் போகிறாள். கையில் பை தட்டுப்படுகிறது. எடுத்து, தன் பெயரையும் சுட்டெண்ணையும் வாசிக்கிறாள். திரும்ப முடிந்து, உப்பு உள்ளே போகாமல் இருக்க இரண்டாவது முடிச்சும் போட்டு, இருந்த இடத்தில் வைத்து, உள்ளங்கையால் உப்பை மட்டப்படுத்துகிறாள்.

இதை யார் எழுதியது? என் பிள்ளையின் பெயரைப் போட்டு, என் பிள்ளையின் புத்தகத்தில், ஒரு தாயைக் கள்ளியாக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஊர் என்ன சொல்லும்? "தாய்" என்றால் மக்தலேனா என்று கற்பிட்டிச் சந்தை வரைக்கும் தெரியும்.

போதும்.

2025.02.20, வியாழன்

கடைக்குப் போய் போனுக்கு ரீலோட் போட்டுக்கொண்டு வந்து ரம்ஸியாவுக்குக் கோல் எடுத்தேன். கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமை இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அன்டி, நான் வெட்டினது இரிக்கி. ஒழுங்குபடுத்தினது இரிக்கி. அதுக்குப் பேரு செவ்விதாக்கம், அதுதான் என்ட வேல. ஆனா கதைய மாத்தல்ல. ஒரு சம்பவமும் நான் சேர்க்கல்ல."

"அப்ப நெத்தலியை ஆரு கீறினது?"

"அது நான்தான். கருவாடு எண்டா கீறித்தானே காயப்போடுற எண்டு நெனச்சி திருத்திட்டன். அது பெரிய பிழ. மாத்திடுறன்."

"நெத்தலியைக் கீறின கைக்கு ஒரு தாயைக் கீற எவ்வளவு நேரம் போகும்?"

"மூலக் கொப்பி உங்கட கையில இரிக்கா அன்டி? இருந்தா ரெண்டு பேரும் வச்சி ஒத்துப் பாப்பம்" என்றாள்.

மூலக் கொப்பி.

போனை வைத்துவிட்டேன்.

2025.02.21

உன் சவப்பெட்டியை மூட முதல் செபமாலையை உன் கையில் சுற்றினேன். மற்றக் கைக்கு அடியில் நீ கதை எழுதின கொப்பியை வைத்தேன். என் அம்மாவின் பெட்டிக்குள் அம்மாவின் செபப்புத்தகம் வைத்தோம். என் அப்பா சாவில் மூக்குக் கண்ணாடி வைத்தோம். பிரியமானதைக் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். உனக்கு அதைவிடப் பிரியமானது என்ன இருந்தது? றோசமேரியும் வைக்கச் சொன்னாள். பங்குச் சுவாமியும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் "இதைத்தான் மூலம் என்பார்கள், இதை மண்ணுக்குள் வைக்காதே" என்று சொல்லவில்லை.

இப்போது ரம்ஸியா கேட்கிறாள், கொப்பி எங்கே என்று. மாதா கோவில் சேமக்காலையில், மூன்றாவது வரிசையில், ஆறடிக்குக் கீழே.

2025.02.24, திங்கள்

மூன்று நாளாக இந்தக் கொப்பியைத் திறக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாத ஒன்றை மறைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் எழுதினேன்.

நான்தான் ஒளித்தேன். கில்பட் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து தந்தான். நீ முன்பள்ளிக்கு உதவிக்குப் போயிருந்தாய். பாண் பைக்குள் போட்டு ஒரு முடிச்சுப் போட்டு உப்புப் பீப்பாவுக்குள் வைத்தேன். மீன் அள்ளுகிற காலம், வாடியில் வேலைக்கு ஆள் காணாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ பாஸ் பண்ணினால் பல்கலைக்கழகம் என்று யாழ்ப்பாணம் போவாய், மட்டக்களப்பு போவாய். போனவர்கள் இந்த மண்ணுக்குத் திரும்பி வருவதில்லை. உன் அப்பாவைக் கடல் எடுத்தது. உன்னைப் படிப்பு எடுத்துவிடும் என்று பயந்தேன்.

நீ தபால் கந்தோருக்கு இரண்டு தரம் நடந்தாய். "கில்பட் அங்கிள் துலைச்சிருப்பாரோ" என்று நீதான் முதலில் கேட்டாய். நான் "இருக்கும்" என்றேன். ஒரு சொல். அந்த ஒரு சொல்லை றோசமேரி சந்தைக்குக் கொண்டுபோனாள். சந்தையிலிருந்து, அவன் குடிகாரன் என்றும் சேர்த்து, ஊர் கொண்டுபோனது.

ஆனால் இது யாருக்கும் தெரியாது. பாண் பை என்று இந்தத் தாளில் எப்படி வந்தது? யார் சொன்னது ரம்ஸியாவுக்கு?

2025.02.27, வியாழன்

றோசமேரியோடு சண்டை.

அவள்தான் பார்த்திருப்பாள். அந்த நாட்களில் எந்த நேரமும் வாடியில் என் பக்கத்தில்தானே நின்றாள். நேரே போய்க் கேட்டேன். "நீதானே கொழும்புக்காரிக்குச் சொன்னது?"

"என்னத்தை?"

"நான் சூட்டியின்ர அட்டையை ஒளிச்சதை."

அவள் கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீ ஒளிச்சதே இப்ப நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றாள். "நான் அந்தக் கில்பட்டை எத்தினை பேருக்கு முன்னால திட்டியிருக்கிறன் தெரியுமா? அவன்ர மனிசி கோவிலில என்ர பக்கத்தில இருக்க மாட்டாள். உனக்காகத் திட்டினனான்."

பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. நானே போய் என் வாயால் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். இவ்வளவும் அந்தத் தாள்களால் வந்த வினை. புத்தகம் போடுகிறார்களாம் புத்தகம்.

2025.03.05, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசும்போது கில்பட் எனக்கு முன்னால் வரிசையில் நின்றான்.

2025.03.08, சனி

புத்தளம் போய் வந்தேன். ரம்ஸியா சனி ஞாயிறு வீட்டுக்கு வருகிறவள். நேரில் இரண்டு கேள்வி கேட்காமல் கையெழுத்து இல்லை என்று சொல்லியிருந்தேன். பாலாவிச் சந்தியில் பஸ் மாறிப் போனேன்.

அவர்களுக்கு நோன்பு. அவளுடைய உம்மா எனக்கு மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்தா. வேண்டாம், எங்களுக்கும் தபசு காலம், நானும் ஒருசந்தி என்றேன். "அப்ப ரெண்டு பேரும் பசியோட சண்ட பிடிப்பம் அன்டி" என்றாள் ரம்ஸியா. பார்த்தால் உன் வயதைவிட ஐந்தாறு கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு. நான் கொழுத்த ஒருத்தியை நினைத்துக்கொண்டு போனேன்.

சண்டை பிடித்தேன். எழுத்தறிவற்ற என்பதை வெட்டச் சொன்னேன். "ஆறாம் வகுப்பு வரை படித்த" என்று போடு, உள்ளதைப் போடு என்றேன். அங்கேயே சிவப்புப் பேனையால் வெட்டினாள். வெட்டுகிற கோட்டுக்குக் கடைசியில் ஒரு சுழி போடுகிறாள், அது வெட்டு என்பதற்கு அடையாளமாம். பேராசிரியரின் நண்டை ஒரு பக்கத்துக்குள் அடக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டு, "அவரோட நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள். பாய்மரம் போகும். குடமும் போகும்.

பிறகு, "நீங்க வெட்டச் சொன்னத நான் வெட்டினன். நான் வெட்டினத நீங்க ஒருக்காக் கேளுங்க" என்று, மழைக் கதையில் நீ எழுதின ஒரு பக்கத்தையும் அவள் சுருக்கின அரைப் பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். நீ ஒரே மழையை மூன்று இடத்தில் பெய்ய விட்டிருந்தாய். அவள் ஒன்றை வைத்தாள். அந்த ஒன்றில் எனக்கு உண்மையாகக் குளிர்ந்தது. சொல்ல மனமில்லை, ஆனால் சரிதான். குடல் எடுக்கத் தெரிந்த பிள்ளை. எடுக்கக் கூடாத மீன் எது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் பீப்பாக் கதையைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு வாசிச்சது வேற முடிவு. அதைப் போடு" என்றேன்.

"மௌத்தாப் போன ஒராள் எழுதினத நான் எப்பிடி மாத்துற அன்டி? வேணாம் எண்டு நீங்க சொன்னா அந்தக் கதைய முழுசா எடுக்கலாம். அது உங்கட உரிம. ஆனா புது முடிவு எழுத எனக்கு உரிம இல்ல, உங்களுக்கும் இல்ல."

பிறகு போனைத் தந்தாள். அவளுடைய பழைய போன் பழுதாம், கதையை டைப் பண்ணின பிள்ளையிடம் தேடி எடுத்தாளாம். நீ அனுப்பின படங்கள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும்.

உன் எழுத்து. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மீன் செதிள் ஒன்று ஒட்டியிருக்கிறது. பாண் பை, முழங்கை, இரண்டு முடிச்சு. எல்லாம் உன் எழுத்து.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல" என்றாள். "சில இடத்தில ஓரமா பென்சிலால கோடு போட்டிரிக்காங்க. வெட்டச் சொல்றாங்களா, வைக்கச் சொல்றாங்களா? நல்ல இடமா இருந்த படியால நான் எல்லாத்தையும் வச்சிட்டன்."

நான் பார்த்தேன். மேலே இருந்து கீழே வரை ஒரு மெல்லிய கோடு. கோடு போட்ட இடத்தில் ஒன்றையும் நீ வாசித்து நான் கேட்டதில்லை. கோடு இல்லாத இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அவளுக்கு விளங்காதது எனக்கு விளங்கிற்று. ஆனாலும் "எனக்குத் தெரியாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு பொய்.

2025.03.09, ஞாயிறு

அப்படியென்றால் தபால்காரன் குடித்தது, பை களப்பில் விழுந்தது, தாய் தலை தடவினது, ஒன்றுமே கொப்பியில் இல்லை. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு வாய்க்கு வந்ததை வாசித்திருக்கிறாய். அதுவும் எதன் மேல் குந்திக்கொண்டு?

நான் ரம்ஸியாவிடம் போய்க் கத்துகிறேன், என் பிள்ளையின் கதையை வெட்டினாய் என்று. என் முகத்துக்கு எதிரில் இருந்து எனக்கு வெட்டி வெட்டித் தந்தவள் நீ. கோபம் வராதா? வருகிறது, சூட்டி. உன்னோடும் கோபம் வருகிறது. கேட்டிருக்கலாமே. ஒரு நாள், ஒரு மத்தியானம், "ஏனம்மா?" என்று. நான் கத்தியிருப்பேன். அடித்தும் இருப்பேன். பிறகு சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா?

2025.03.16, ஞாயிறு

ரம்ஸியா படங்களைப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். கோடு போட்ட இடங்களை மட்டும் வாசிக்கிறேன்.

"அம்மா செபமாலை சொல்லும்போது ஒரு அருள்நிறைச் செபத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பக்கத்து வீட்டுக் கோழியை ஏசுவாள்."

இதற்கு என்ன கோடு? இதை வாசித்திருந்தால் நானும் சிரித்திருப்பேனே.

"கோபம் வந்தால் அம்மா மீனோடு கதைப்பாள். மீன்தான் பதில் சொல்லாது."

"அப்பா போன பிறகு அம்மா என் கையை விட்டதே இல்லை. எனக்குக் கை வலித்தது."

இதோடு நிறுத்தினேன்.

2025.03.23

றோசமேரி இன்று வந்தாள். சமாதானம் என்று சொல்லவில்லை, ஒரு கிண்ணம் சொதி கொண்டுவந்தாள். தாள்களைக் காட்டினேன். வாசித்துவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

"அந்த ஒரு கதையை எடுக்கச் சொல்லு அக்கா. எட்டுக் கதை காணும். ஆருக்குத் தெரியப் போகுது?"

"கில்பட்?"

"அவனுக்குப் பழகிப்போச்சு."

பழகிப்போகவில்லை. பழகினவன் ஒவ்வொரு தரமும் படலையில் நின்று சொல்ல மாட்டான்.

2025.04.18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது கதையும். ஒன்றும் எடுக்க வேண்டாம். கடிதத்துக்குக் கீழே என் கையால் எழுதினேன்: "பென்சில் கோடு வெட்டுவதற்கு இல்லை. எனக்கு வாசிக்காமல் விட்ட இடம். எல்லாவற்றையும் போடவும். நெத்தலியைக் கீற வேண்டாம்."

நாளைக்குத் தபாலில் போடலாம். வேறு ஒருவர் கையில் கொடுத்து அனுப்பலாம் என்று றோசமேரி சொன்னாள். இல்லை. கில்பட்டின் பையில்தான் போக வேண்டும்.

2025.05.06

பதில் வந்தது. அச்சுக்குப் போகிறதாம். "அந்தக் கோட்டின் விளக்கத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை அன்டி" என்று எழுதியிருக்கிறாள்.

2025.07.12, சனி

இன்று புத்தகம் வந்தது. இருபது பிரதி, ஒரு பெட்டி. கில்பட் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். இறக்கிவிட்டு, "வடிவாப் பேரை எழுதுங்க அக்கா, பிறகு கில்பட்" என்று தொடங்கினான்.

"இறங்கி உள்ள வா" என்றேன்.

"ஏன், இதுவும் துலைஞ்சு போச்சா?"

"வா தம்பி."

கதிரையில் இருந்தான். தேத்தண்ணி வைத்தேன். பெட்டியை வெட்டி ஒரு புத்தகம் எடுத்தேன். அட்டையில் இப்போது ஒரு நீலப் பீப்பா, வேறு ஒன்றும் இல்லை. கடைசிக் கதையைத் திறந்து வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன், நேரம் எடுத்தது. ஒரு வரியும் விடவில்லை. பாண் பை வந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன்.

முடித்தேன். அவன் தொப்பியை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கதைதானே அக்கா" என்றான்.

"கதையில்ல. நான்தான்."

முற்றத்தில் காகம் கருவாட்டில் இறங்கியது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

"நான் குடிக்கிறதே இல்ல" என்றான். "வயித்தில புண். டொக்டர் துண்டு இருக்கு. என்ர மூத்தவனுக்குக் கலியாணம் பேசப் போன இடத்தில கேட்டாங்க, தேப்பன் குடிச்சிட்டுத் தபால் துலைக்கிறவராமே எண்டு. நான் துண்டைக் காட்டினன். பொம்பிளை வீட்டுக்காரருக்கு டொக்டர் துண்டு காட்டின ஒரே தேப்பன் நான்தான்."

மன்னிப்புக் கேட்டேன். அவன் எழும்பினான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

படலைக்குப் போய்த் திரும்பி நின்றான். "சூட்டி ஒரு நாள் என்ர வீட்டுக்கு வந்தவள். மழை. நனைஞ்சுகொண்டு நிண்டு, ஸொறி அங்கிள் எண்டாள். என்னத்துக்குப் பிள்ளை எண்டு கேட்டன். சும்மா எண்டு சொல்லிட்டுப் போயிட்டாள்."

"எப்ப?"

"அந்தத் தைதான். சோதினை தொடங்க முதலா, தொடங்கின பிறகா... நினைவில்ல அக்கா."

சைக்கிளில் ஏறினவன் மறுபடி இறங்கினான். பதிவுத் தபால் துண்டை நீட்டினான். "ஒப்பம் வைக்கல்ல."

வைத்தேன். அவன் சைக்கிளில் ஏறிப் போனான்.

2025.07.19, சனி. உன் ஆண்டு நினைவு.

காலையில் பூசை. பின்னேரம் கோவில் மண்டபத்தில் புத்தக வெளியீடு. முதல் பிரதியை ஒரு பெரிய மனிதர் வாங்க வேண்டுமாம், அதுதான் முறையாம். கற்பிட்டி முதலாளி ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேர்ட்டோடு முன் வரிசையில் இருந்தார். நான் ரம்ஸியாவின் காதில் வேறு பெயர் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் துண்டில் இருந்த பெயரை வெட்டினாள். சுழியோடு.

கில்பட்டின் பெயரை ஒலிவாங்கியில் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் ஒரு குசுகுசுப்பு. அவன் கடைசிக் கதிரையில் இருந்தான், மனிசியோடு. வருவானோ என்று நினைத்தேன். வந்தான். நான் கொடுத்தேன். அவன் வாங்கி, பதிவுத் தபால் மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்குள் கடைசிக் கதையை எல்லோரும் வாசித்துவிடுவார்கள். வாசிக்கட்டும். இனி சந்தையில் என் பெயர் அடிபடும். அடிபடட்டும், அது சரியான பெயர்.

பின்னட்டையில் "ஆறாம் வகுப்பு வரை படித்த" என்று போட்டிருக்கிறாள். அந்த வரியை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் வாசித்தேன்.

இப்போது வீட்டில் யாரும் இல்லை. வாடிக்குப் போய்ப் பீப்பாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். பரீட்சை முடிந்து வந்த பங்குனியில் நான் உன் அட்டையை எடுத்து அடுப்பில் போடும்போது பையில் இரண்டு முடிச்சு இருந்தது. அவிழ்க்கக் கஷ்டப்பட்டேன். நான்தான் போட்டேன் என்று நினைத்தேன்.

கடைசிக் கதையில் நாள் போடாமல் விட்டிருக்கிறாய். ஒன்பது கதையில் அதில் மட்டும் நாள் இல்லை. ரம்ஸியாவைக் கேட்டேன், நீ வெட்டினாயா என்று. இல்லையாம், படத்திலும் இல்லை. பரீட்சை தொடங்க முதல் என்றால், அட்டையை எடுத்துக்கொண்டு நீ போயிருக்கலாம்.

சூட்டி, நீ உப்புக்குள் கை விட்டது பரீட்சை முடிந்த பிறகா, தொடங்க முதலா?